நாலு சக்கர பைக்கும் ஒரு கழுத்தும்

வாடகை பைக் யார்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, வண்டியை ஓட்டுவது, பிரேக் பார்ப்பது, டயரில் காற்று பார்ப்பது எல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். சீக்கிரமே கைக்கு வந்துவிடும். சுலபத்தில் வராத வேலை ஒன்று இருக்கிறது. லீவு போட்டுவிட்டு, புதுச்சட்டை மாட்டிக்கொண்டு, பொண்டாட்டி பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டே வந்து நிற்கிற ஒரு நல்ல மனுஷனின் முகத்தைப் பார்த்து, "சாவி தர முடியாது" என்று சொல்வது. அதற்கு வாய் வேண்டும். தோலும் கொஞ்சம் தடியாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் பிறவியிலேயே உண்டு என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

நான் முதலில் கூடலூர் மெயின் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் இருந்தவள். பீடியோடு வந்து நிற்கும் லாரிக்காரர்களிடம், "அணைச்சுட்டு வாய்யா, இல்லேண்டா வண்டிய எடுத்துட்டுப் போய்யா" என்று கத்தியே தொண்டை அகலமாகிப் போனது. அங்கே டீசல் போட வருகிற ஏலக்காய் வியாபாரி ஒருவர், இரண்டாயிரத்து எட்டு வாக்கில், ஊரைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு யார்டு போட்டார். தேக்கடி போகிற வேன்கள் திராட்சைத் தோட்டம் பார்க்க நிற்கிற இடம் அது. அங்கே நாலு சக்கர பைக்குகளைக் கொண்டுவந்து இறக்கினார். போர்டில் ஏடிவி என்று எழுதியிருந்தது. தோட்டத்து ஆட்களோ "டிராக்டர் போட்ட கன்னுக்குட்டி" என்று பேர் வைத்துவிட்டார்கள். லாரிக்காரர்களையே விரட்டுகிறவள் டூரிஸ்டுகளைச் சமாளிக்க மாட்டாளா என்று முதலாளி என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். ஹெல்மெட் மாட்டி, வாரை இறுக்கி, நாலு வார்த்தை புத்தி சொல்லிச் சாவி கொடுப்பது என் வேலை.

இந்த வண்டியைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். அதில் இருக்கிற பெரிய ஆபத்தே அதுதான். நாலு சக்கரம் இருக்கிறதே, எப்படிச் சாயும் என்று கேட்பார்கள். சாயும். நம் பக்கத்தில் ஆணும் பெண்ணும் டூவீலர் ஓட்டிப் பழகியவர்கள். வண்டி கொஞ்சம் சரிந்தால் போதும், மூளையைக் கேட்காமலே கால் தரைக்குப் போய்விடும். பைக்கில் அது நம்மைக் காப்பாற்றும். இதில் பின்சக்கரம் அந்தக் காலின் மேலேயே ஏறும். மதுரையிலிருந்து வந்த பேங்க் ஆபீசர் ஒருவர், நான் அவ்வளவு சொல்லியும், முதல் மேட்டிலேயே காலை ஊன்றினார். கணுக்கால் பிரண்டு பின்பக்கம் பார்த்துவிட்டது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் நான்தான்.

அங்கே ஒரு நர்ஸ் இருந்தாள். என்னைவிட வயதில் நன்றாகச் சின்னவள். ஆபீசருக்கு எக்ஸ்ரே எடுக்கக் காத்திருந்தபோது, தென்னை மரத்திலிருந்து விழுந்த ஒருவரைச் சொந்தக்காரர்கள் கையும் காலுமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்கள். தலை தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அவள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"விழுந்ததுல பாதி, நீங்க தூக்குனதுல பாதிய்யா! கழுத்துல அடிபட்டவர இப்பிடியா கொண்டுவருவீக?" என்றவள், பக்கத்தில் சும்மா நின்ற என்னைப் பிடித்து இழுத்து அவர் தலைமாட்டில் நிறுத்தினாள். என் இரண்டு கைகளையும் எடுத்து அவர் காதுகளின் மேல் வைத்தாள். "பிடிங்கக்கா. இழுக்கவும் கூடாது, அமுக்கவும் கூடாது, ஆடவும் கூடாது. நான் சொல்ற வரைக்கும் விட்டீகண்டா நீங்கதான் பொறுப்பு" என்றாள். ஊசி போட்டுக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "மூச்சு மொதல்ல, கழுத்து அடுத்து. வாந்தி வந்தா மட்டும் திருப்பலாம். அப்பவும் தலையும் உடம்பும் ஒரே கட்டையா வரணும்." அந்த வார்டில் நின்ற கொஞ்ச நேரத்தில் நான் கற்றுக்கொண்டதை யார்டில் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். திராட்சை பழுத்துக் கறுத்துத் தொங்குகிற சமயம். திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. துபாயில் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்த ஒருவர், அவர் மனைவி, மனைவியின் அண்ணன், இன்னும் சில சொந்தக்காரர்கள். எல்லாரும் தேக்கடிக்குப் போகிற வழி. துபாய்க்காரர் இறங்கியதுமே வண்டியைத் தடவிப் பார்த்தார்.

"இதெல்லாம் நமக்குச் சும்மாக்கா. அங்கன பாலைவனத்துல மணல் மேட்டுல ஏத்தி எறக்கியிருக்கேன்."

"மணல்ல விழுந்தா மணலு. இங்கன விழுந்தா கல்லு. தலையக் குடுங்க, வார இறுக்கணும்" என்றேன்.

சிரித்துக்கொண்டே குனிந்தார். முகத்தையும் மூடுகிற ஹெல்மெட். நல்ல மனுஷன், மரியாதையாகப் பேசினார். முன்னால் எங்கள் கைடு ஒரு வண்டியில், பின்னால் இவர். பாதையை விட்டு இறங்கக் கூடாது, கைடை முந்தக் கூடாது என்று சொல்லித்தான் சாவி கொடுத்தேன். மண்டையை மண்டையை ஆட்டினார்.

திராட்சைப் பந்தலை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கல்தூண் நட்டு, ஆள் உயரத்துக்கு மேலே கம்பி பின்னி, கொடியை ஏற்றியிருப்பார்கள். அவ்வளவு பாரத்தையும் இழுத்துப் பிடிக்க, ஓரத்துத் தூண் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஸ்டே கம்பி சாய்வாக இறங்கி, தரையில் புதைத்த கல்லில் முடியும். தோட்டத்து ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தாண்டிப் போவார்கள். ஆனால் இந்த வண்டியில் உட்கார்ந்து வருகிறவனுக்கு அந்தக் கம்பி சரியாகக் கழுத்துக்கு நேரே வரும். துருப்பிடித்த கம்பி, கொடி நிழலில் கண்ணுக்கே தெரியாது.

போட்டோ எடுக்க நல்ல இடம் காட்டச் சொல்லி அவர் மனைவி கேட்டதால், திருப்பம் வரைக்கும் நானும் கூடப் போயிருந்தேன். கைடு வண்டிக்குப் பின்னால் அவர் வண்டி வந்தது. கேமராவோடு நிற்கும் மனைவியைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஓட்டிக்கொண்டே ஒரு குலையைப் பறித்து அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. பாதையை விட்டு விருட்டென்று தோட்டத்துக்குள் திருப்பினார். ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை மேலே, கண்ணும் மேலே. "கம்பி! கம்பி!" என்று கத்தினேன். ஹெல்மெட்டுக்குள்ளும் என்ஜின் சத்தத்துக்குள்ளும் என் தொண்டை எம்மாத்திரம்? கம்பி அவரை ஹெல்மெட்டின் தாடைப் பக்கம் பிடித்துப் பின்னால் தள்ளியது. வண்டி அவர் இல்லாமலே போய்த் தூணில் முட்டி நின்றது.

ஓடினேன். மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. முகமூடிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டேன். மூச்சு இருந்தது.

"அக்கா, கை எங்க இருக்குண்டே தெரியல. காலெல்லாம் மரமரண்டு இருக்கு" என்றார்.

தலைமாட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். "ஆம்புலன்சுக்குப் போனப் போடு! கழுத்துல அடிண்டு சொல்லு!" என்று கைடிடம் கத்தினேன். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

நம் ஜனத்துக்கு இரக்கம் ஜாஸ்தி. யாராவது விழுந்துவிட்டால் கை சும்மா இருக்காது. ஒருவர் சோடா பாட்டிலோடு வந்தார். ஒருவர், "ஹெல்மெட்டக் கழட்டுங்கப்பா, காத்து வரட்டும்" என்று வாரைப் பிடித்தார். வேன் டிரைவர் கால்மாட்டுக்குப் போய்க் காலைத் தூக்கத் தயாரானார். எல்லாமே பாசத்தில் செய்வது. ஒவ்வொன்றும் ஆளை முடித்துவிடக்கூடியது.

"யாரும் தொடாதீக! சோடா வேணாம்! ஹெல்மெட்டு அப்பிடியே இருக்கட்டும்!"

மனைவியின் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஆஜானுபாகுவான ஆள். தங்கச்சி புருஷன் தரையில் கிடப்பதைப் பார்த்ததும் நேரே என் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, தள்ளு! வேன் நிக்குது. தூக்கிப் போட்டா கம்பம் ஆஸ்பத்திரி இந்தா இருக்கு!"

"தூக்காதீகண்ணே. கழுத்துல அடி. ஆட்டுனா கை கால் வெளங்காமப் போயிரும்."

"நீ என்ன டாக்டரா?"

"இல்ல."

"அப்பறம் என்னத்துக்குப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க? ஒங்க வண்டி, ஒங்க தோட்டம், ஆளையும் நீங்களே கொல்லப் பாக்குறீகளா? அந்நிய ஆம்பள தலைய மடிக்குள்ள வச்சுக்கிட்டு... பொம்பளையா நீ? எந்திரி!"

ஓங்கி ஒரு அறை விட்டார். கண்ணுக்குள் பொறி பறந்தது. என் தலை ஒரு பக்கம் போய் வந்தது. கை போகவில்லை.

"இன்னும் வேணுண்டாலும் போடுங்கண்ணே. தோளுக்குக் கீழ மட்டும் அடிச்சுறாதீக, என் கை ஆடிரும்" என்றேன். எங்கிருந்து வந்த வார்த்தையோ தெரியாது. அவர் ஓங்கிய கையோடு நின்றுவிட்டார்.

நான் என்னமோ எல்லாம் தெரிந்த மகராசியாக உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு நிச்சயமாக எதுவும் தெரியாது. ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் என்ன செய்வது? உள்ளே எங்காவது ரத்தம் கசிந்துகொண்டிருந்தால்? அண்ணன் சொல்வதே சரியாக இருந்துவிட்டால்? இந்த மனுஷன் என் கைக்குள்ளேயே கண்ணை மூடிவிட்டால் அந்தப் பெண் முகத்தில் எப்படி முழிப்பேன்? என் கையில் இருந்த விவரம் கொஞ்சம்தான். மூச்சு சீராக வருகிறது. பேசுகிறார். ரத்தம் எங்கும் கொட்டவில்லை. அப்படி இருக்கிற வரைக்கும் அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். மூச்சில் மாற்றம் வந்தால் முடிவையும் மாற்ற வேண்டும். நெருக்கடியில் எல்லாம் தெரிந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. தெரிந்த கொஞ்சத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அவர் மனைவி அப்போதுதான் பக்கத்தில் வந்து மண்ணில் உட்கார்ந்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு புருஷனிடம் குனிந்தாள். "என்னங்க, தூக்கச் சொல்லவா?"

"வேணாம். அவுக விட்டா எந்தலை தனியாப் போயிரும் போல இருக்கு. விடச் சொல்லாத" என்றார்.

அவள் நிமிர்ந்து, "அண்ணே, அவுகளத் தொடாத" என்று மட்டும் சொன்னாள். அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டு வாய்க்கால் மேட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் போனது. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், எனக்கு அது ஒரு யுகம். முழங்காலுக்குக் கீழே கல் குத்தியது, கை மரத்தது. அப்போது அவர் தொண்டை ஏறி இறங்கியது. "அக்கா, கொமட்டுது" என்றார்.

மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலுக்குள்தான் போகும். இவ்வளவு நேரம் தொடாதே தொடாதே என்று கத்தியவள் இப்போது எல்லாரையும் தொடச் சொல்ல வேண்டும். ஒரே கட்டையாகத் திருப்ப வேண்டும். தோளைப் பிடிக்க வலுவான ஆள் வேண்டும். அந்தக் கூட்டத்தில் அப்படி ஒருவர்தான் இருந்தார்.

"அண்ணே! இங்கன வாங்க! முட்டி போடுங்க. தோளையும் முதுகையும் சேத்துப் பிடிங்க. நான் சொல்றப்பத்தான் திருப்பணும், முந்துனாலும் போச்சு, பிந்துனாலும் போச்சு."

அண்ணன் ஓடிவந்து முட்டி போட்டார். பழம் பறிக்க வந்திருந்த பெண்கள் பந்தலுக்குக் கீழே திகைத்து நின்றார்கள். பழப்பெட்டியைச் சேர்ந்து தூக்கி லாரியில் ஏற்றிப் பழகிய கைகள். "ஆத்தா, நீ இடுப்பு. நீ தொடை. நீ காலு. பெட்டி தூக்குற மாதிரி எல்லாரும் ஒண்ணாத் திருப்பணும்" என்றேன். அவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "இப்ப!" என்றதும் தலையும் தோளும் இடுப்பும் காலும் ஒன்றாகப் பக்கவாட்டில் திரும்பின. கண்ணாடியைத் தூக்கிவிட்டிருந்த திறப்பு வழியாக வாந்தி மண்ணில் விழுந்தது. அண்ணன் ஒரு கையைத் தோளிலிருந்து எடுக்காமல், மறுகையால் தன் கழுத்தில் கிடந்த துண்டை உருவி வாயைத் துடைத்துவிட்டார். "மாப்ள... ஒண்ணுமில்ல மாப்ள... மூச்ச விடு மாப்ள" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கண்ணீர் சொட்டுச் சொட்டாக என் புறங்கையில் விழுந்தது. என்னை அடித்த கோபம் எனக்கு அந்த இடத்திலேயே போய்விட்டது.

ஆம்புலன்ஸ் வந்து, கழுத்துப் பட்டை போட்டு, பலகையில் ஏற்றிய பிறகுதான் நான் கையை எடுத்தேன். கம்பத்திலிருந்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். கழுத்தெலும்பு விரிசல் விட்டிருந்தது, நரம்பு தப்பியிருந்தது என்று பிற்பாடு தகவல் வந்தது. கையும் காலும் மெல்ல மெல்ல உயிர் பெற்றன. நான் பிடித்திருந்ததால்தானா, அவருடைய நல்ல நேரமா என்று யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. உங்களுக்கும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

மறுநாள் முதலாளியிடம், "தோட்டத்து ஓரப் பாதைய மூடுனாத்தான் வேலைக்கு வருவேன்" என்றேன். முதலில் முறைத்தார். "ஒங்க வீட்டு ஆளு கழுத்தா இருந்தாலும் இப்பிடித்தான் மொறைப்பீகளா?" என்று கேட்டேன். பாதை தரிசு நிலத்துக்கு மாறியது. வேலியும் போட்டார்.

இதோடு கதை முடிந்தது என்று நானும் நினைத்திருந்தேன். சில மாதம் கழித்து அதே வேன் யார்டு வாசலில் வந்து நின்றது. துபாய்க்காரர் தன் காலாலேயே இறங்கி வந்தார். நடை நன்றாக இருந்தது, பிடி நன்றாக இருந்தது. கழுத்து மட்டும் திரும்பவில்லை. பின்னாலிருந்து மனைவி கூப்பிட்டபோது, பீரோவைத் திருப்புவது மாதிரி முழு உடம்போடு திரும்பினார். அவள் எனக்கு ஒரு சேலையும் ஒரு டப்பா லட்டும் கொண்டுவந்திருந்தாள். அண்ணன் என் முன்னால் வந்து, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "என்னய மன்னிச்சுருங்கக்கா. நீங்க எங்க வீட்டுத் தெய்வம்" என்றார். நானும் அழுதேன், அவர்களும் அழுதார்கள். முதலாளி எல்லாருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார்.

டீ குடித்து முடித்ததும் அண்ணன் தன் மகளை முன்னால் தள்ளினார். ஆறாவது படிக்கிற பிள்ளை. ரெட்டைச் சடை, கண்ணெல்லாம் வண்டி மேலேயே இருந்தது.

"பாப்பா வர்ற வழியெல்லாம் இதே பேச்சுதான்க்கா. நானே ஓட்டுறேன், இவள முன்னாடி வச்சுக்கிறேன். ஒரே ஒரு ரவுண்டு."

"ஒத்த ஆளு ஓட்டுற வண்டிண்ணே. ரெண்டு பேரு ஏறக் கூடாது. பிள்ளைக்குக் காலும் எட்டாது."

"இப்பத்தான் வேலி போட்டாச்சே. அதுவுமில்லாம நீங்க இருக்கையில எங்களுக்கு என்னக்கா பயம்?"

மாப்பிள்ளையின் கழுத்து அங்கே திரும்பாமல் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இந்த மனுஷன், நான் இருக்கிற தைரியத்தில் பிள்ளையை வண்டியில் ஏற்றப் பார்க்கிறார். முதலாளியும், "நம்ம ஆளுகதான, ஒரு ரவுண்டு விடுங்கக்கா" என்று சிரித்தார். மனைவி ஆசையோடு என் முகத்தைப் பார்த்தாள். அறை வாங்கிக்கொண்டு உறுதியாக இருந்ததுகூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை. கும்பிட்ட கைக்கு, அதுவும் அந்தச் சேலை என் மடியில் இருக்கும்போது, முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். "முடியாதுண்ணே. நான் இருக்கேண்டு நம்பி யாரும் வண்டியில ஏறக் கூடாது. விழுந்ததுக்கு அப்பறம்தான் நான். விழுகாம இருக்கணுண்டா சாவி கெடையாது."

அவர் முகம் சுருங்கியது. "அன்னைக்கு அடிச்சத இன்னும் மனசுல வச்சிருக்கீகளாக்கா?"

"ஆமாண்டே வச்சுக்கங்க. சாவி கெடையாது."

துபாய்க்காரர் மட்டும் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். எல்லாரும் வேனில் ஏறினார்கள். அதன் பிறகு அவர்கள் வரவே இல்லை. கடைசியாக ஏறியது அந்தப் பிள்ளை. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கோபம் தாங்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மோவாயைத் தோளில் ஒரு இடி இடித்து, முகத்தை வெடுக்கென்று அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எவ்வளவு லேசாகத் திரும்பியது அந்தக் கழுத்து!